உணவுத் தொழிற்சாலைக்கு அலுவலகம் கட்டப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, கோவை, பொள்ளாச்சி வட்டாரத்தில் மசாலா, ரெடிமிக்ஸ், தேங்காய்ப் பவுடர், எண்ணெய், பால் பொருள் என்று உணவுத் தொழில் நடத்துகிறவர்களுக்குக் கட்டட பிளான் போடுவது என் வேலை. முதல் சந்திப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செல்போனில் ஒரு படத்தோடு வருவார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ எடுத்த கண்ணாடிக் கட்டடம். "இந்த மாதிரி ஆபீஸ் வேணுங்க." படத்தைப் பார்த்துவிட்டு நான் கேட்கும் முதல் கேள்வி, "உங்க ஆலையில செருப்பை எங்க கழட்டுறாங்க?" என்பதுதான். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் கேட்பவை கீழே இருக்கின்றன. 100 முதல் 200 பேர் வேலை செய்யும் நடுத்தர மசாலா ஆலையை மனத்தில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். மற்ற ஆலைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஏனுங்க, ஆபீஸ் பிளான் கேட்டா செருப்பைப் பத்திப் பேசறீங்க?

எவ்வளவு அவசரமானாலும் தெருச் செருப்போடு நம் வீட்டு அடுப்படிக்குள் யாரும் போவதில்லை. வாசல், திண்ணை, கூடம், அதற்கப்புறம்தான் அடுப்படி. உணவு ஆலை ஒரு பெரிய அடுப்படி. அலுவலகம் அதன் திண்ணை. வெளியாள் வந்து உட்காருவதும் அங்கேதான், வீட்டு ஆள் கால் கழுவி உள்ளே போவதும் அதைத் தாண்டித்தான்.

பிளானை விரித்ததும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுவேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் உணவு. கோட்டைத் தாண்டுகிறவர்கள் யார் யார் என்று எழுதிப் பாருங்கள். தொழிலாளி, சூப்பர்வைசர், லேப்காரர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டீ கொண்டுவருகிறவர், ஆடிட்டுக்கு வருகிறவர், முதலாளி, முதலாளியின் மைத்துனர். இவர்களில் தொழிலாளியால் தொந்தரவு குறைவு. அவர் நாளைக்கு நாலைந்து தடவை தாண்டுவார், அவரைக் கண்காணிக்கவும் ஆள் உண்டு. இருபது தடவை போய்வருகிறவர்கள் சூப்பர்வைசரும் முதலாளியும். அவர்களை நிறுத்திக் கேட்கும் தைரியம் செக்யூரிட்டிக்குக் கிடையாது. ஆளைத் திருத்த முடியாத இடத்தில் சுவரைத் திருத்திவிட வேண்டும். அதனால் அலுவலகத்திலிருந்து உற்பத்திக் கூடத்துக்கு நேர்க் கதவு ஒன்றுகூட வைக்க மாட்டேன். இருக்கிற ஒரே வழி, உடையும் செருப்பும் மாற்றும் அறை வழியாகத்தான்.

அந்த அறையின் குறுக்கே சுவருக்குச் சுவர் ஒரு குட்டை பெஞ்சு. உட்கார்ந்து, தெருச் செருப்பை இந்தப் பக்கம் கழற்றி, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, ஆலைச் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு தலைத்தொப்பி, மேலங்கி, கடைசியில் கை கழுவுவது. இந்த வரிசை மாறினால் கழுவிய கையால் தலைமுடியைத் தொட்டுவிட்டு உள்ளே போவார்கள். குழாய் காலால் மிதிப்பதாகவோ சென்சார் வைத்ததாகவோ இருக்கட்டும். கையால் திருகும் குழாய் வைத்தால், திறந்த அழுக்குக் கையின் அழுக்கு மூடும்போது திரும்பக் கைக்கு வந்துவிடும்.

ஒரு ஆலையில் செலவு மிச்சம் என்று நினைத்து அலுவலகத்துக்குத் தனிக் கழிப்பறை கட்டவில்லை. கணக்குப் பிரிவு ஆட்கள் பாக்கிங் ஹால் ஓரமாக நடந்து, தொழிலாளர் கழிப்பறைக்குப் போய்வந்தார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய ஆடிட்டர் கோப்பு எதையும் கேட்கவில்லை. அரை மணி நேரம் அந்த ஓரத்தில் நின்று, போகிறவர் வருகிறவரை எண்ணிக்கொண்டிருந்தார். மிச்சம் பிடித்த கழிப்பறையை அப்புறம் இரண்டு பங்கு செலவில், ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்கு நடுவே தூசி பறக்கக் கட்டினோம்.

அலுவலகத்தை ஆலையோடு ஒட்டிக் கட்டலாமா, தனியாகக் கட்டலாமா?

இடம் தாராளமாக இருந்தால் தனியாகக் கட்டி, நடுவில் கூரை போட்ட நடைபாதை விடுவது உத்தமம். இடம் நெருக்கடி என்றால் ஒட்டிக் கட்டலாம், ஆனால் தூண்களை ஒட்டாதீர்கள். மிளகாய் அரைக்கும் பல்வரைசரின் அதிர்வு தரை வழியாக வரும். ஆலையின் தூணும் பீமும் அலுவலகத்துக்குள் தொடர்ந்தால், மேஜை மேல் வைத்த டம்ளர்த் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும். மூன்றாம் வருடம் பூச்சில் விரிசல் விழும். இரண்டுக்கும் தனி அஸ்திவாரம், தனித் தூண், நடுவே எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், அதாவது ஒன்றின் அசைவு மற்றதைத் தொடாதபடி விடும் இடைவெளி.

ஒட்டிக் கட்டுவதில் இன்னொரு வம்பு தண்ணீர். தகர ஷெட் கூரை அலுவலகச் சுவரில் வந்து முட்டும் இடத்தில் ஒரு கால்வாய் வைப்பார்கள். ஐப்பசி மழையில் ஒழுகுவது அந்த இடம்தான், எந்த மேஸ்திரி எந்த கெமிக்கல் தடவினாலும். ஷெட்டின் சரிவை அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

உற்பத்திக் கூடத்தின் மேலேயே மெஸனைன், அதாவது இடைத்தளம் போட்டு ஆபீஸ் வைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. மாடியில் ஆபீஸ் என்றால் மாடியில் கழிப்பறை, பாண்ட்ரி, குழாய் எல்லாம் வரும். குழாய் என்றைக்காவது கசியும், கீழே திறந்த மாவு இருக்கும்.

எந்தத் திசையில் வைப்பது?

வெயிலையும் காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருக்கட்டும், குட்டை முகங்கள் கிழக்கும் மேற்கும். மேற்குப் பக்கம் மாடிப்படி, கழிப்பறை, ஸ்டோர், சர்வர் ரூம் என்று ஆள் உட்காராத அறைகளை அடுக்கிவிட்டால் பிற்பகல் வெயிலை அவை வாங்கிக்கொள்ளும்.

வடக்கு முகத்தில் வெயிலே படாது என்று வடநாட்டுப் புத்தகம் படித்தவர்கள் சொல்வார்கள். நம் ஊருக்கு அது சரிவராது. ஈரோடு இருப்பது சுமார் 11 பாகை வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் நிற்கிறது. கத்திரி வெயில் முழுக்க அந்தக் கணக்கில் அடங்கும். ஆகவே வடக்கு ஜன்னலுக்கும் ஒரு சன்ஷேட் வேண்டும். தெற்கைவிடக் குட்டையாக இருந்தால் போதும்.

அடுத்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வரும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், மிளகாய்த் தூளைக் கேட்க வேண்டுமா? அரவைக் கூடத்துக்கும் பாய்லர் புகைபோக்கிக்கும் கிழக்கே அலுவலகம் வைத்தால் நான்கு மாதம் எல்லோரும் தும்மிக்கொண்டே டைப் அடிக்க வேண்டும். தென்மேற்கே வைத்தால் மழைக்காலத்தில் அதே கதை. அரவைக் கூடத்துக்கு வடக்கே, அல்லது சற்று வடமேற்கே வைத்தால் இரண்டு காற்றிலிருந்தும் ஓரளவு தப்பலாம். சென்னை, தூத்துக்குடி பக்கம் கடற்காற்றும் சேரும், அங்கே இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாஸ்து பார்க்க வேண்டாமா?

பார்க்காமல் யாரும் கட்டுவதில்லை, அதனால் பார்த்துவிட்டே பேசலாம். முதலாளி கேபின் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வேண்டும் என்பார்கள். வெயிலுக்கு அது மோசமான மூலை. மதியம் இரண்டு மணிக்கு மேல் சுவர் கொதிக்கும். என் சமரசம் இதுதான்: கேபின் அங்கேயே இருக்கட்டும். மேற்குச் சுவரை இரட்டைச் சுவராக, நடுவே இரண்டு அங்குல இடைவெளி விட்டுக் கட்டுங்கள். ஜன்னலைத் தெற்கில் மட்டும் வையுங்கள். பாய்லர் அக்னி மூலை, தண்ணீர்த் தொட்டி ஈசானி மூலை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஈசானியில் நிலத்தடித் தொட்டி தோண்டிவிட்டு அதன் பக்கத்திலேயே செப்டிக் டேங்கும் வைக்கச் சொன்ன ஒரு வாஸ்துக்காரரிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன்.

40 பேர் உட்கார எத்தனை சதுரம் வேண்டும்?

அலுவலகத்தில் ஒரு ஆளுக்கு 10 சதுர மீட்டர் என்று 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. அவசர வழிகளைக் கணக்கிட அவர்கள் வைத்த எண் அது என்றாலும், முதல் மதிப்பீட்டுக்கு நன்றாக உதவும். 40 பேருக்கு 400 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 4,300 சதுர அடி, நம் பேச்சில் 43 சதுரம். நடைபாதை, படிக்கட்டு, கழிப்பறை இதற்குள் அடக்கம். லேப், உடைமாற்றும் அறை, கேன்டீன் அடக்கமில்லை. அவற்றை மறந்துவிட்டு 43 சதுரத்துக்கு பட்ஜெட் போட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முகப்பு முழுக்கக் கண்ணாடி போடலாமா? வெளிநாட்டு ஆலைகளெல்லாம் அப்படித்தானே இருக்கின்றன?

நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் வான் நெல்லே ஆலை என்று ஒன்று. 1925-க்கும் 1931-க்கும் இடையில் கட்டியது. காப்பி, தேயிலை, புகையிலை பதப்படுத்தினார்கள். பிரிங்க்மன், வான் டெர் ஃப்ளுக்ட் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. சுவர் முழுக்கக் கண்ணாடியும் இரும்பும். முன்னால் பாதையோடு வளைந்துபோகும் அலுவலகக் கட்டடம், ஆலைக்கும் கிடங்குக்கும் நடுவே அந்தரத்தில் சாய்வாகப் போகும் கண்ணாடிப் பாலங்கள். 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நவீன ஆலை என்றாலே கண்ணாடி என்ற எண்ணத்துக்கு அதுவும் ஒரு முன்னோடி.

ஆனால் ரோட்டர்டாம் இருப்பது 52 பாகை வடக்கில். அங்கே குளிர்காலத்தில் வெளிச்சமே பஞ்சம். வேலை செய்கிறவர் முகத்தில் பகல் வெளிச்சம் பட வேண்டும் என்பதற்காகச் சுவரைத் திறந்தார்கள். அவர்களுக்கு வெளிச்சம் போதவில்லை, நமக்கு அது மிச்சம். மேற்கு பார்த்த கண்ணாடி முகப்பைக் கட்டிவிட்டு, உள்ளே பிளைண்டை இறக்கி, பட்டப்பகலில் டியூப்லைட் போட்டு, ஏ.சி.யை 18-இல் வைக்கிற அலுவலகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி வேண்டும் என்றால் வடக்கு முகத்தில் போடுங்கள். அந்த ஆலையிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதன் அமைப்பை: அலுவலகம் முன்னால் தனியே, உற்பத்தி பின்னால், சரக்கு எந்த வழியாகப் போகிறது என்பது வெளியே நின்று பார்த்தாலே தெரியும்.

வருகிறவர்களுக்கு ஆலையைச் சுற்றிக் காட்ட வேண்டும். எப்படி?

கண்ணாடிக்குச் செலவு செய்ய ஆசையிருந்தால் இங்கே செய்யுங்கள். அலுவலகத்தின் முதல் மாடியிலிருந்து உற்பத்திக் கூடத்தின் பக்கவாட்டில் ஒரு நடைக்கூடம். அங்கிருந்து கண்ணாடி வழியாகக் கீழே பார்க்கலாம். பெரிய பால் பண்ணைகளில் இப்படிப்பட்ட பார்வைக்கூடம் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிப் பிள்ளைகள், வங்கி மேலாளர், சம்பந்தி வீட்டார் யார் வந்தாலும் தொப்பி மாட்டாமல், செருப்பு மாற்றாமல் பார்த்துவிட்டுப் போவார்கள். முதலாளியும் தினம் பத்து முறை கீழே இறங்க வேண்டியதில்லை.

கண்ணாடி லாமினேட் செய்ததாக இருக்க வேண்டும், உடைந்தாலும் சில்லு கீழே கொட்டக் கூடாது. கூடத்தின் பக்கம் ஜன்னல் விளிம்பு தட்டையாக இல்லாமல் சரிவாக இருக்கட்டும். தட்டையான விளிம்பில் முதலில் தூசி உட்காரும், பிறகு யாரோ வைத்த ஸ்க்ரூ டிரைவர்.

தரக்கட்டுப்பாட்டு லேப் அலுவலகத்தில் இருக்கலாமா?

அலுவலகத்தின் ஓரத்தில், ஆலைக்கு அருகில் இருப்பதே சரி. ஈரப்பதம், நிறம், காரம் பார்க்கும் சாதாரண லேபுக்குக் கெடுபிடி குறைவு. நுண்ணுயிர் லேப்தான் விவகாரம். அங்கே கிருமியை வேண்டுமென்றே 37 பாகை வெப்பத்தில் வளர்க்கிறீர்கள். அந்த அறைக்கதவு உற்பத்திக் கூடத்தின் பக்கம் திறந்தால், கூடத்தில் இல்லாத கிருமியையும் நீங்களே கொண்டுபோய் விடுவீர்கள். முன்னறை ஒன்று, தனி ஏ.சி., கழிவிலுள்ள கிருமியை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) கொன்றுவிட்டு வெளியே எடுக்கும் வழி, இவை மூன்றும் கட்டாயம். மாதிரி கொடுக்க ஆள் உள்ளே வர வேண்டாம், சுவரில் இரண்டு பக்கமும் கதவு வைத்த சின்னப் பெட்டி போதும்.

ஒவ்வொரு பேட்சிலிருந்தும் எடுத்துவைக்கும் மாதிரிப் பாக்கெட்டுகளுக்கு அலமாரி ஒதுக்க எல்லோரும் மறக்கிறார்கள். நாளைக்கு இரண்டு பேட்ச், ஓராண்டு ஆயுள் என்றால் எப்போதும் அறுநூறுக்கு மேல் பாக்கெட் இருக்கும். கடைசியில் அவை எம்.டி. அறை சோபாவுக்குப் பின்னால் போய்ச் சேரும்.

பெண் தொழிலாளர்கள் அதிகம். அவர்களுக்கு என்ன வசதி?

மசாலா பாக்கிங்கில் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனாலும் பிளான் போடும்போது ஆண்களுக்கும் பெண்களுக்கும் சரிபாதி என்று கழிப்பறையை வகுக்கும் பழக்கம் போகவில்லை. 120 பேரில் 90 பேர் பெண்கள் என்றால் அறையும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.

காலையில் வருகிறவரின் கோலத்தை நினைத்துப் பாருங்கள். புடவை, தலையில் மல்லிகைச் சரம், கண்ணாடி வளையல், கம்மல், மெட்டி, தாலி, கையில் டிபன் கூடை. இவற்றில் எதுவும் மசாலாவில் விழக்கூடாது. "வளையலைக் கழட்டு, பூவை எடு" என்று போர்டு மாட்டிவிட்டால் ஆயிற்றா? கழற்றிய வளையலை எங்கே வைப்பது? பூவைக் குப்பையில் போடச் சொல்வதா? லாக்கரின் உள்கதவில் ஒரு கொக்கி, ஒரு சின்னத் தட்டு வைத்தோம். பூவைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மாலை போகும்போது திரும்ப வைத்துக்கொள்கிறார்கள். மறுவாரமே முனகல் நின்றது. தாலியைக் கழற்றச் சொல்வது நடக்காத காரியம். கழுத்து வரை பொத்தான் உள்ள மேலங்கிக்குள் போகிற மாதிரி உடை தைத்துக் கொடுப்பது சரியான வழி.

லாக்கரின் மேல்தட்டு சரிவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அதன் மேல் பைகள் குவியும். புடவை மாற்றத் தனித்தனித் தடுப்பு வேண்டும். உணவுக் கூடை உடைமாற்றும் அறைக்கே வரக்கூடாது, அதற்குக் கேன்டீனில் இடம் கொடுங்கள்.

கேன்டீன், குழந்தைகள் காப்பகம் எப்போது கட்டாயம்?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 250 தொழிலாளருக்கு மேல் இருந்தால் கேன்டீன், 30 பெண் தொழிலாளருக்கு மேல் இருந்தால் காப்பகம் என்றிருந்தது. அதன் இடத்தில் வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் கேன்டீனுக்கு ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர், காப்பகத்துக்கு 50 தொழிலாளருக்கு மேல் என்பது வரம்பு. பெண்கள் எத்தனை பேர் என்ற கேள்வியே காப்பகத்தில் இப்போது இல்லை. பழைய எண்ணை நம்பி பிளான் போட்டு வைத்திருப்பவர்கள் திரும்ப எண்ணிப் பாருங்கள். மாநில விதிகளை உங்கள் தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேன்டீனை அலுவலகத்துக்கும் ஆலைக்கும் பொதுவாக ஒன்றே கட்டச் சொல்வேன். இரண்டு சாப்பாட்டுக் கூடம், இரண்டு சமையல் என்று பிரித்தால் இடமும் வீண், பேச்சும் வளரும். ஆலை உடையோடு யாரும் கேன்டீனுக்குள் வரக்கூடாது, அது மட்டும் கறார்.

சாமி படம், ஆயுத பூஜை?

இதை எந்த வெளிநாட்டுக் கையேடும் சொல்லாது. நம்மால் இது இல்லாமல் ஆலை நடத்த முடியாது. சாமி மாடம் அலுவலக வரவேற்பறையில் இருக்கட்டும். விளக்கெண்ணெய், கற்பூரம், பழம், சுண்டல் எல்லாம் சிவப்புக் கோட்டுக்கு வெளியே. கேட் பக்கத்துப் பிள்ளையாருக்குப் படைத்ததை அன்றைக்கே எடுத்துவிட ஒரு ஆளைச் சொல்லி வையுங்கள். எறும்பும் எலியும் அங்கே பழகினால் அடுத்த வாரம் ஸ்டோருக்கு வரும்.

ஆயுத பூஜைதான் சோதனை. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம், வாசலில் பூசணிக்காய், எல்லோருக்கும் பொரிகடலை. பொரியோடு நிலக்கடலையும் கலந்திருக்கும். நிலக்கடலை ஒவ்வாமைப் பொருள். லேபிளில் அறிவிக்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று. கடலையே பயன்படுத்தாத ஆலை என்று ஏற்றுமதி வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வருடத்துக்கு ஒரு நாள் நாமே கூடத்தில் கடலையைக் கொட்டுகிறோம். அலுவலகத்துக்கு முன்னால் கூரையோடு கூடிய ஒரு மேடை கட்டிவிட்டால் பூஜை அங்கே நடக்கும். மெஷினுக்குப் பதில் அதன் கருவிப் பெட்டி, சாவிக்கொத்து மேடைக்கு வரட்டும். இதை ஏற்காத முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஏற்காத முதலாளியம்மா ஒருவர் உண்டு.

முன்னால் தோட்டம், மரம் வைக்கலாமா?

அலுவலகத்தின் முன்னால் வையுங்கள், ஆலைச் சுவரை ஒட்டி வேண்டாம். சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் செடியில்லாமல் ஜல்லி கொட்டிவிட்டால் எலி வளை தோண்டினால் தெரிந்துவிடும். கால் அங்குல இடைவெளியில் சுண்டெலி நுழையும், கதவடியில் உங்கள் சுண்டு விரல் போனால் அதுவும் போகும். கொய்யா, மா, நாவல் எல்லாம் பறவையையும் வௌவாலையும் கூப்பிடும். ஆசையிருந்தால் பார்க்கிங் பக்கம் புங்கன் நடலாம்.

விளக்கையும் கவனியுங்கள். கதவுக்கு நேர் மேலே வெள்ளை விளக்கு போட்டால் ஈசல், பூச்சி எல்லாம் வாசலுக்கே வந்து, கதவு திறந்ததும் உள்ளே போகும். தள்ளி ஒரு கம்பத்தில் மஞ்சள் வெளிச்சம் போட்டு, அங்கிருந்து கதவின் மேல் படச் செய்யுங்கள்.

லாரி டிரைவர்களுக்கு அலுவலகத்தில் என்ன வேலை?

பில் வாங்க வருவார்கள், எடைச் சீட்டுக்கு வருவார்கள், மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். எடை மேடைக்கு அருகிலேயே ஜன்னல் கவுன்ட்டர் ஒன்று வைத்துவிட்டால் உள்ளே வர வேண்டியதில்லை. பக்கத்தில் நிழல், பெஞ்சு, குடிநீர், ஒரு கழிப்பறை. அது இல்லாவிட்டால் காம்பவுண்டுச் சுவர்தான் கழிப்பறை. மஞ்சள் மூட்டையோடு வரும் விவசாயிக்கும் இதே நிழல்.

அலுவலக ஏ.சி.யையும் ஆலை ஏ.சி.யையும் ஒன்றாக வைக்கலாமா?

கூடாது. காற்று எப்போதும் சுத்தமான இடத்திலிருந்து சுத்தம் குறைந்த இடத்துக்குப் போக வேண்டும். பாக்கிங் அறையில் காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதலாக வைப்பது அதற்காகத்தான். உடைமாற்றும் அறையிலிருந்து உள்ளே போகும் கதவைத் திறந்தால் காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடித்தால் எங்கோ தப்பு. காற்றுக் குழாய் (டக்ட்) ஒன்றாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் குழம்பும், மிளகாய் நெடி எம்.டி. அறைக்கும் வந்துசேரும்.

மாவு, மசாலா ஆலைக்குத் தீ ஆபத்து உண்டா? வெடிமருந்து ஆலையா என்ன?

காற்றில் மிதக்கும் மாவும், சர்க்கரைத் தூளும், மசாலாத் தூளும் ஒரு பொறி பட்டால் வெடிக்கும். 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் போர்ட் வென்ட்வொர்த்தில் இம்பீரியல் ஷுகர் ஆலையில் சர்க்கரைத் தூள் வெடித்து 14 பேர் இறந்தார்கள். பாக்கிங் கட்டடம் முழுக்கப் படிந்துகிடந்த தூள் அடுத்தடுத்து எரிந்ததுதான் காரணம். தூசி பிடிக்கும் சைக்ளோனையும் ஃபில்டரையும் அலுவலகச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். அவற்றின் வெடிப்பு வாய் (உள்ளே வெடித்தால் அழுத்தம் வெளியேறும் திறப்பு) ஆள் நடமாடும் பக்கம் பார்க்கக் கூடாது. அலுவலகத்துக்கு ஆலைக்குள் போகாமலே வெளியேறும் இரண்டு வழி வேண்டும்.

எந்தெந்த அலுவலகத்தில் பிளான் அனுமதி வாங்க வேண்டும்?

உள்ளாட்சி அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் கட்டட அனுமதி, 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் ஆலை வரைபட ஒப்புதல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு. தீயணைப்புத் துறை. அப்புறம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம்) உரிமம், அதற்கும் எந்த அறை எத்தனை சதுர மீட்டர், என்ன வேலைக்கு என்று காட்டும் வரைபடம் தர வேண்டும். அந்த அமைப்பின் 2011 விதிகளில் நான்காம் அட்டவணை சுகாதாரத் தேவைகளைச் சொல்கிறது. கழிப்பறை நேராக உற்பத்தி அறைக்குள் திறக்கக் கூடாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பிளான் போடுகிறவர் அதைப் படித்திருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

தப்பு நடக்கும் இடம் ஒன்றுதான். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒவ்வொரு பிளான் கொடுப்பார்கள், நடுவில் ஒரு சுவரை மாற்றுவார்கள், இன்ஸ்பெக்டர் வரும்போது கையிலிருக்கும் தாளும் கண்முன் இருக்கும் சுவரும் பொருந்தாது. ஒரே மூல வரைபடம், தேதி போட்டு, எல்லாருக்கும் அதிலிருந்தே கொடுங்கள்.

மானியத்தில் அலுவலகம் கட்ட முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரதமரின் கிசான் சம்பதா போன்ற திட்டங்களில் இயந்திரமும், உற்பத்திக்கு நேரடியாகத் தேவையான கட்டுமானமும்தான் கணக்கில் வரும். நிர்வாக அலுவலகம், கேன்டீன், காம்பவுண்டுச் சுவர், உள்சாலை, செக்யூரிட்டி அறை வராது. எனவே கான்ட்ராக்டரிடம் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் தனித்தனி எஸ்டிமேட், தனித்தனி பில் வாங்குங்கள். ஒரே பில்லாக இருந்தால் பிரித்துக் காட்டுவதற்குள் உங்கள் ஆடிட்டர் படும் பாடு சொல்லி முடியாது.

பின்னால் மாடி எடுக்கக் கம்பி விட்டு வைக்கலாமா?

எடுக்கப் போவது நிச்சயம் என்றால் வையுங்கள், ஆனால் மொட்டையாக விடாதீர்கள். சிமெண்ட் பால் அடித்து, மெலிந்த கான்கிரீட்டால் மூடி வையுங்கள். பத்து வருடம் மழையில் துருப்பிடித்த கம்பியை நம்பி யாரும் மாடி எடுக்க முடியாது. பெரும்பாலும் விரிவு மேலே போவதில்லை, பக்கவாட்டில்தான் போகிறது. ஆலை எந்தப் பக்கம் வளரும் என்று கேட்டு, அந்தப் பக்கம் அலுவலகம், செப்டிக் டேங்க், டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வராமல் விட்டுவிடுவது மலிவான திட்டமிடல்.

ஏற்கெனவே கட்டிவிட்டோம். இப்போது என்ன செய்வது?

இடிக்க வேண்டாம். திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் உடைமாற்றும் அறைக்கு எதிரே நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். யார் எந்தக் கதவால் போகிறார்கள், எந்தக் காலில் எந்தச் செருப்பு என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலான ஆலைகளில் இரண்டு கதவை மூடி, ஒன்றைத் திறந்து, ஒரு கை கழுவும் தொட்டியை நகர்த்தினாலே முக்கால்வாசி சரியாகிவிடும். பெஞ்சுக்குக் கோட்டா கல் போதும், ஒரு நாள் வேலை.